முதல் மதிப்பெண் வாங்கிய மொனீக்

அன்பு மகள் கேந்த்ராவுக்கு,

நானும் அப்பாவும் மெம்பிஸில் நலம். ஒஸ்லோ குளிரில் உன்னையும் மாப்பிள்ளையையும் வயிற்றிலிருக்கும் பேரனையும் கர்த்தர் காக்கட்டும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வறுத்த கெளுத்தி மீனை ஒரு பிடி பிடிக்கிறார், பையன்தான் என்று நீ எழுதியதைத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டார்.

எனக்குத்தான் மனசு சரியில்லை. கல்லூரியில் கறுப்பினத் தாய்மார், குடும்பம், கல்வி என்று நான் நடத்தும் சமூகவியல் வகுப்பில் ஷனியா என்றொரு பெண், மாலையில் கிடங்கு வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவள். போன வாரம் பாடத்தின் நடுவே போன் வந்து எழுந்து ஓடினாள், ஆறு வயது மகன் டேரியனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். நாற்காலியைத் தள்ளினான், அவ்வளவுதான். கூடச் சேர்ந்து தள்ளிய வெள்ளைப் பையனுக்கு வெறும் கண்டிப்பு. துணைக்கு நானும் போனேன். தலைமையாசிரியர் நாற்காலியில் யார் தெரியுமா, நம் மொனீக்! என்னிடம் படித்தவள், நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவள், நம் கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிகள் எப்படி வெளியே தள்ளுகின்றன என்று கட்டுரை எழுதி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது எனக்கு. அவளோ ஷனியாவைப் பார்த்து, வீட்ல ஒழுங்கா கண்டிச்சு வளர்த்திருந்தா இங்க ஏம்மா வந்து நிக்கப்போறே என்றாள். ஏண்டி, எழுதினதெல்லாம் மறந்துபோச்சா என்று கேட்டேன். வகுப்புல பேசுறது சுலபம் மேடம், டீச்சருங்க எல்லாம் இவனைப் பார்த்தா பயமா இருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காங்க, நான் இந்த வேலையில இருக்க வேண்டாமா என்றாள். ஆறு வயசுப் பிள்ளையைப் பார்த்துப் பயமாம்! ஷனியா குனிந்து மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படிப்பையும் விட்டுவிட்டாள். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். உங்க பாடம் நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா எனக்கு அது தெரிஞ்ச கதைதானே என்றாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. மறுநாள் அதே பாடத்தைத்தான் நடத்தினேன், எல்லாரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்கள். இவர்களில் நாளைக்கு யார் மொனீக் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பிறந்தபின் இங்கேயே குடிவந்துவிடவா என்று கேட்டிருந்தாய். வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வராதே மகளே. பேரனைத் தூக்க நாங்கள் அங்கே வருகிறோம்.

கர்த்தரின் கரம் உங்கள்மேல் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

உன்னைப் பெற்றவள்,
லொரெய்ன்