பாதியில் நின்ற பரீட்சை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம், உடம்பு வரைக்கும் அது உண்மைதான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்குக் கம்பம் ஏறினால் மூச்சு வாங்குகிறது, இனிமேல் கீழே நின்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று மின் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். புயலில் பிய்ந்துபோன சமையலறைக் கூரையையும் மாற்றியாகிவிட்டது. தம்பி உன் போனை எடுப்பதே இல்லை என்று அம்மாவிடம் அழுதாயாமே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே வைத்துவிடுவேன்.

கரண்ட் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்ப் பரீட்சை எழுதத் தெரியாதா, இவ்வளவு அசட்டையா என்று அவனைக் கேட்டாயாம். அவன் போகாமல் இல்லையம்மா. புயல் அடித்த மறுநாளே பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள், நூலகத்துக்குள் முழங்கால் தண்ணீர், மூடியது சரிதான். விடுதிப் பிள்ளைகளை மேல்மாடிக்கு ஏற்றி வேளாவேளைக்குச் சாப்பாடும் போட்டார்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். கடைசிப் பரீட்சையைத் தள்ளிவைக்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை. பெரும்பாலான மாணவர்களுக்கு வசதி இருக்கிறது, அவரவர் வீட்டிலிருந்தே போனில் எழுதலாம் என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். நம் தெரு டிரான்ஸ்பார்மர் மேலோ மரம் சாய்ந்து கிடந்தது. நான் ஊரெல்லாம் விளக்கு எரிய வைக்க ஓடிக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் என்னைத் தேடி வந்து கம்பத்துக்கு அடியில் நின்றுகொண்டு, "அப்பா, நம்ம தெருவுக்கு மட்டும் கொஞ்ச நேரம் லைன் விட முடியாதா" என்று கேட்டான். என் வேலையில் அவன் கேட்ட ஒரே சலுகை அதுதான். பக்கத்துத் தெருவில் அறுந்த கம்பி தண்ணீருக்குள் கிடக்கிறது, லைன் விட்டால் யார் உயிராவது போகும், முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் தண்ணீர் பம்பு, அதற்குப் பிறகுதான் வீடுகள் என்றேன். "சரிப்பா, நீங்க பாத்து இறங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தாது. லைன் விடாததற்கு நான் வருந்தவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்ததும் மறுநாள் அங்கேயே போயிருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் போனுக்குச் சார்ஜ் போட முண்டியடிக்கிற இடத்தில், தரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். முதலில் விரட்டிய காவலாளியே விஷயம் தெரிந்ததும் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாராம். பாதி எழுதும்போது சிக்னல் போய்விட்டது, திரும்ப வந்தபோது பரீட்சை முடிந்துவிட்டது. அவன் பெயருக்கு நேரே 'பரீட்சைக்கு வரவில்லை' என்று போட்டுவிட்டார்கள். துறைத்தலைவராக இருக்கிற அம்மாளிடம் போய் நின்றிருக்கிறான். "தம்பி, நீ பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும், மேல இருந்து உத்தரவு வராம என் கையில ஒண்ணும் இல்லையே" என்றாராம். அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை, கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டார். கடைசியில் வழிக்கு வந்தார்கள். எழுத முடியாதவர்களுக்கு மறுபரீட்சை, புயல் நாட்களுக்கு வருகைப்பதிவு குறையாது, ஊர் இருட்டில் கிடக்கும்போது இனிமேல் பரீட்சையே கிடையாது, எல்லாம் நல்ல விதிதான். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள், இவர்கள் வடிந்த பிறகு போட்டார்கள். ரிசல்ட் கையில் இல்லாததால், கண் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கிடைத்திருந்த பயிற்சி இடம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. கண் பரிசோதனை படித்தவனுக்கு அந்த இடம் எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும்.

மறுபரீட்சையில் வகுப்பிலேயே அவன்தான் முதல். ரிசல்ட்டைப் பார்த்தான், போனைக் கவிழ்த்து வைத்தான், சாப்பிட உட்கார்ந்தான். சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியாமல் நானும் அம்மாவும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு மனம் ஆறாதது ஒன்றுதான். வரவில்லை என்று போட்ட அன்றே நான் அவனோடு கிளம்பிப் போயிருக்க வேண்டும். படித்தவர்கள் இடம், அங்கே போய் நாம் என்ன பேசுவது என்று நினைத்துவிட்டேன். நாலு பெற்றோர் வாசலில் நின்றிருந்தால் அந்த விதி கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்குமோ என்னவோ. நீயும் அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கிறவள், கூட்டங்களில் உட்காருகிறவள். ஒரு அவசரம் வந்தால் வசதி இல்லாத பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து எழுதுவார்கள் என்று முதலிலேயே எழுந்து கேட்டுவிடு கண்ணு.

இப்போது அவன் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறான். அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பிக்கிறானாம், அதை என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம்தான் சொன்னான். நேற்று அம்மாவுக்குத் தானே கண் பார்த்துக் கண்ணாடி செய்துகொண்டு வந்தான். அதை மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்த உன் அம்மா, இத்தனை நாள் இந்த மூஞ்சியோடயா குடும்பம் நடத்தினேன் என்று கேட்டாள். ரொம்ப நாள் கழித்து அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

நோய்நொடி அண்டாமல், மனம் கோணாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை என் போனுக்குக் கூப்பிடு, நான் அவன் கையில் கொடுக்கிறேன். எடுத்ததும் பரீட்சைப் பேச்சு வேண்டாம். அக்காவுக்கும் ஒரு கண்ணாடி செய்து தருவாயா என்று மட்டும் கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா