பைஸ் இல்லாத கோப்பைக்கு உன் பெயரா, குணா?

என் உயிர் மாப்ள குணாவுக்கு,

மே பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால். பெயர் கொடுத்திருக்கும் அணிகள் பதினாறு. அடுத்த வாரம் முதல் ஆட்டம். உன் பெயரில் நினைவுக் கோப்பை வைத்திருக்கிறார்கள் மாப்ள. எருமப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. அதன் அடியில் போட்டி விதிகள். நான்காவது விதியைப் படித்துவிட்டு, எதிரே பேக்கரியில் ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நான்காவது விதி: பைஸ் கிடையாது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதை நம் டீம் குரூப்பில் போடுவேன், ஃபேஸ்புக்கிலும் போடுவேன். அதனால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டையில் படாத பந்து கீப்பரையும் தாண்டி ஓடினால், அதற்கு எடுக்கிற ரன்தான் பைஸ். அது கிடையாது என்றால் கீப்பர் பந்தைத் தடுத்தாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று. எப்போதாவது ஒரு கேட்ச் வந்தால் பிடிக்கலாம். மற்ற நேரமெல்லாம் அவன் பந்து பொறுக்கிப் போடுகிற ஆள்.

வாழ்நாள் முழுக்கக் கீப்பராகவே நின்றவன் நீ. உன் நினைவாக, கீப்பரே தேவைப்படாத ஒரு போட்டி. இதை எழுதியபோது ஒருவனுக்காவது கை கூசியிருக்க வேண்டாமா?

ஐந்தாவது விதி இன்னும் மோசம். சிறந்த கீப்பர் பரிசு, அதிக ரன் எடுக்கும் கீப்பருக்காம். படமோ அதைவிடக் கொடுமை. உன் தலையை மட்டும் வெட்டி, சிக்ஸர் அடிக்கிற யாரோ ஒருவனின் உடம்பில் ஒட்டியிருக்கிறார்கள். பதினோராவது ஆளாக இறங்கி, வந்த வேகத்தில் அவுட்டாகி, மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தபடி திரும்புகிறவன் நீ. உனக்கு எங்கேயிருந்து வந்தது அந்தத் தோள்?

பேக்கரியில் தங்கராசு அண்ணன் உட்கார்ந்திருந்தார். நம் கேப்டன்தான் இந்தப் போட்டிக் கமிட்டிக்கும் தலைவர். நேராகப் போய்க் கேட்டேன்.

"ஏண்ணா, பைஸை எதுக்கு எடுத்தீங்க?"

"அட செந்திலு, ஸ்டம்புக்குப் பின்னால பூரா குச்சிக்கிழங்குக் காடு. பந்து உள்ள போச்சுன்னா தேடறதுலயே நேரம் போயிருது. பதினாறு டீமு, ரெண்டே நாளு. முடிக்கோணுமா வேண்டாமா?"

"குணா நின்னப்ப எந்தப் பந்துங்கண்ணா காட்டுக்குள்ள போச்சு?"

அவர் டீயை ஆற்ற ஆரம்பித்தார். பக்கத்தில் பப்ஸ் தின்றுகொண்டிருந்த நம் ஓப்பனிங் பேட்ஸ்மேன் மணிதான் வாயைத் திறந்தான்.

"குணா நின்னான், செரி. இப்ப எவன் நிக்கறான்? ஓட மாட்டாதவனத்தான எல்லா டீமுலயும் அங்க நிக்க வெக்கறோம்?" அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "ஏன்டா, அவன் உசுரோட இருந்தப்ப கீப்பர்னா அடிக்கோணும், கீப்பர்னா அடிக்கோணும்னு நீதான கத்துன? செத்தப்பறம் அவன் கட்சிக்கு மாறிட்டியா?"

பேக்கரியே சிரித்தது. நான் கிளம்பிவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன். மணி, நீயும் படி.

நான் கட்சி மாறவில்லை.

எங்கள் சண்டை இந்திய அணியில் ஒரே இடத்துக்கு மோதிக்கொண்ட இரண்டு கீப்பர்களைப் பற்றியது. ஒருவர் குணாவின் ஆள், இன்னொருவர் என் ஆள். பெயர் எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அந்தப் பெயருக்குக் கீழே வந்து அடித்துக்கொள்வீர்கள்.

என் வாதம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். ஏழாவதாக இறங்குகிற கீப்பர் அடிப்பான் என்றால், ஒரு பேட்ஸ்மேனைக் குறைத்து ஒரு பௌலரைச் சேர்க்கலாம். குணாவின் ஆளை எடுத்தால் அது முடியாது. அவர் தட்டித் தட்டிப் பத்துப் பன்னிரண்டு எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் அளவு பார்க்கிறவன். டேப்பில் வராத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"அப்ப உன்ற ஆளு ஓப்பனருக்கு உட்ட கேட்ச்ச எந்த டேப்புல அளப்ப?" என்பாய் நீ, குணா. "அந்த ஓப்பனரு அப்பறம் நூறு அடிச்சானே, அத யாரு பேருல எழுதறது?"

ஒரு டெஸ்ட் மேட்ச், நான்காம் நாள். முட்டை லோடு ஏற்றப் போகிற வழியில் பட்டறை வாசலில் உன் லாரியை நிறுத்திவிட்டு, போனை ஸ்டியரிங் மேல் சாய்த்து வைத்திருந்தாய். நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். பந்து மட்டையைத் தாண்டித் திரும்பியது. எழும்பவில்லை, கணுக்கால் உயரத்துக்குத் தரையோடு போனது. உன் ஆள் குனிந்தபடியே அதை எடுத்து ஸ்லிப்புக்குத் தூக்கிப் போட்டுவிட்டார். நீ வீடியோவைப் பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினாய்.

"பாத்தியா மச்சா?"

"எதைப் பாக்கறது? ஒண்ணுமே நடக்கலியே."

"அதான்டா. ஒண்ணுமே நடக்கல பாரு!"

உன் முகம் அப்படி மலர்ந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த தொடரில் என் ஆள் சுழல் பந்து ஒன்றைக் காலுக்கு நடுவில் விட்டுவிட்டு, பேட்டிங்கில் இறங்கி அதே அணியைத் துவைத்து எடுத்தபோது உன் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன். "செரி செரி, அடிக்கறான். சோறு தின்னியா?" என்றாய். உன்னோடு ஒழுங்காகச் சண்டைகூடப் போட முடியாது.

முட்டை தூக்குகிறவன், அதனால்தான் கை பதமாக இருக்கிறது என்று யாராவது உன்னைப் புகழ்ந்தால் மட்டும் உனக்குக் கோபம் வரும். "முட்டை அட்டைய மெதுவா வெச்சா லோடு விடிஞ்சாலும் ஏறாது. வீசறோம்ங்க நாங்க!" என்பாய்.

இன்றைக்கும் சொல்கிறேன். இருபது ஓவருக்கு என் ஆள்தான். வெளிநாட்டு டெஸ்டுக்கும் என் ஆள்தான். நம் நாட்டுச் சுழலில் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன். நீ இருந்திருந்தால் இதைக்கூட ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் மணி, நாங்கள் அடித்துக்கொண்டது எதைப் பற்றி? கீப்பர் அடிக்கிற ரன் பெரிதா, தடுக்கிற ரன் பெரிதா என்பதைப் பற்றி. தடுக்கிற ரன் என்று ஒன்று உண்டு என்பதில் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை இல்லை. நீங்கள் அதை இல்லவே இல்லை என்று அழித்துவிட்டீர்கள். தராசில் ஒரு தட்டைக் கழற்றிவிட்டு, இந்தப் பக்கம்தான் கனம் என்கிறீர்கள். பட்டறையில் இப்படி அளந்தால் மறுநாள் என்னை வேலைக்கு வராதே என்பார்கள்.

உன் மேலும் கோபம்தான் குணா. ஒவ்வொரு வருடமும் யாராவது பைஸ் வேண்டாம் என்பான். நீ "உடு மச்சா, வெளையாண்டாச் செரி" என்று சிரிப்பாய். அப்போதே நீ ஒருமுறை கத்தியிருந்தால் இன்று இந்த ஃப்ளெக்ஸ் வந்திருக்குமா? ஐப்பசியில் காய்ச்சல் வந்தபோதும் அதே "உடு மச்சா"தான். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கேரளா லோடுக்குப் போனாய். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றாய். வந்தாய், ஆஸ்பத்திரிக்குப் போனாய், அவ்வளவுதான். காலடியில் வருகிற பந்தைக்கூட விடாதவன், உடம்பை மட்டும் ஏன்டா அப்படி விட்டாய்?

உனக்குச் சேதி சொல்ல வேண்டும். உன் ஆள் இப்போது அணியில் இல்லை. என் ஆள் போன மேட்சில் வந்த முதல் பந்தையே தூக்கி அடித்து, எல்லையில் கேட்ச் கொடுத்துவிட்டுப் போனார். டிவியை அணைத்துவிட்டுப் போனை எடுத்தேன். நீ கூப்பிட்டுத் திட்டுவாய் என்றுதான். எத்தனை மடத்தனம் பார்.

பேக்கரியிலிருந்து நேராக உன் அக்கா வீட்டுக்குத்தான் போனேன். ஃப்ளெக்ஸை போனில் படம் பிடித்திருந்தேன், காட்டினேன். செல்வி அக்கா வெகுநேரம் பார்த்தது.

"மூஞ்சி என்ற தம்பி மூஞ்சி. ஒடம்பு யாருது சாமி?"

"தெரியலீங்கக்கா. கம்ப்யூட்டர்ல ஒட்டியிருக்கறாங்க."

"இவன் என்னைக்கு மட்டையத் தூக்கி இப்புடி நின்னான்? ஊட்டுல கோழி அடைக்கறாப்ல குனிஞ்சுக்கிட்டுத்தான நிப்பான்?" சிரிக்க ஆரம்பித்த அக்கா பாதியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. பைஸ் என்றால் என்ன என்று கேட்டது. சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "பேரு வெச்சா ஒழுங்கா வெக்கச் சொல்லு. இல்லீனா எடுத்துரச் சொல்லு. நாஞ் சொன்னேன்னே சொல்லு" என்றது.

இது போதும் எனக்கு. இனி நான் செய்யப்போவது:

1. இன்று மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுகிறது. போவேன். பைஸ் வையுங்கள், இல்லையென்றால் கோப்பையில் குணா பெயரை எடுங்கள் என்பேன். நடுவில் சமாதானம் பேச வருகிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

2. கிழங்குக் காடுதான் பிரச்சினை என்றால், ஸ்டம்புக்குப் பின்னால் எல்லை முழுக்க இரும்புப் பைப் நட்டு லாரித் தார்ப்பாய் கட்டித் தருவேன். பட்டறை முதலாளியிடம் கேட்டாயிற்று, சரி என்றார். இதற்கு மேல் தங்கராசு அண்ணனுக்கு வேறு காரணம் வேண்டுமானால் யோசித்துக்கொண்டு வரட்டும்.

3. கூட்டத்தில் என்ன முடிவானாலும் அந்தப் படத்தை இறக்குவேன். ஏணி என்னிடம் இருக்கிறது.

4. இப்போது எவன் நிற்கிறான் என்றானே மணி, முதல் ஆட்டத்தில் நம் அணிக்குக் கீப்பராக நான் நிற்கிறேன். எனக்குக் குனியத் தெரியாது, பந்தைப் பார்த்தால் கண்ணை மூடுவேன். கைக்கு மேலேயும் போகும், காலுக்கு நடுவிலும் போகும். போகட்டும். ஒவ்வொன்றையும் பைஸ் என்று எழுத வைத்து, மைக்கில் ரன்னைச் சொல்ல வைப்பேன். நாம் தோற்றாலும் சரி. இத்தனை வருடம் நீ எத்தனை ரன் தடுத்தாய் என்று நம் ஊர் அன்றைக்கு உட்கார்ந்து எண்ணட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னும் உன்னோடு சண்டை தீராத உன் மச்சான்,
செந்தில்