காளியாயி கூரையில் நம் தறப்பாள்

என்னங்க,

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் காளியாயியிடம் கொடுங்கள்.

ஐந்து மணிக்கு இங்கே ஜெபக்கூட்டம். காற்றில் கூரை பிய்ந்த வீட்டில்தான் கூட வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். ஒழுகும் இடத்தில் அவர் நாற்காலியைப் போடாதீர்கள். போன வாரம் தலையில் சொட்டியதை அபிஷேகம் என்றார். அது தகரத்தில் ஓட்டை.

கஷ்டத்தில் நான் கற்றதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். கூரை போனதற்கு ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேன்.

நேற்று கூரைக்குப் போட நிவாரணத்தில் நமக்குக் கிடைத்த ஒரே தறப்பாளைக் காளியாயியின் கைக்குழந்தைக்காக அவள் கூரையில் கட்டினீர்கள். "நம்ம புள்ளைங்க நனையட்டுமா?" என்று கத்தினேன். "ஒன் சாமிகிட்டயே கேளு" என்றீர்கள். கேட்டேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் இத்தனை நாள் மழையில் அழுத குழந்தை, விடியும் வரை அழவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். தறப்பாள் அங்கேயே இருக்கட்டும்.

சாட்சியில் இதைத்தான் சொல்வேன், உங்கள் பெயரோடு. வெட்கப்பட்டுக் கடைசியில் போய் உட்காராதீர்கள். அங்கேயும் ஒழுகுகிறது.

ரெபேக்கா

ஒழுகும் இடத்தில் வைத்த சட்டி நிறைந்தால் வெளியே ஊற்றுங்கள். ஆமென் சொல்லத் தேவையில்லை.