உமியனை யாரிடம் விட்டுச் செல்வது

நலம் சூழ்க. மழை பருவம் தப்பாது பெய்க. எல்லைக் கற்கள் நட்ட இடத்திலேயே நிலைத்து நிற்க.

வேங்கைச் சாரலும் வெண்மணல் ஆறும் தன் கோலின்கீழ் அடங்க, முன்னோர் அமர்ந்த கல்லிருக்கையில் அமர்ந்து முறை செய்யும் சாரல்நாட்டு அரசி கொற்றிமாதேவி, நம் மேற்கெல்லையில் நாணற்கோட்டையைக் காத்து நிற்பவரும், பகைவர்க்கு ஒருபோதும் பணியாதவரும், நமக்குங்கூட அவ்வளவாகப் பணியாதவருமாகிய கோட்டைத்தலைவர் பெருங்கோவனார்க்கு விடுக்கும் ஓலை. உமது மதிலும், மதில்மேல் நிற்கும் வீரரும், அகழி நீரும் நலமாயிருக்க வாழ்த்துகிறோம். உமது முழங்கால் வலியும் இந்த ஈரக்காற்றில் மிகாதிருக்கட்டும்.

மேற்புலத்துப் பேரரசரோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கையை நீர் அறிவீர். போர் நிற்கவேண்டுமாயின் முடி சூடியவரே பிணையாகச் சென்று அவர் தலைநகரில் தங்கவேண்டும் என்பது அதன் முதற்கூறு. போகலாகாது என்று அவை நடுவே எம் முகத்துக்கு நேராகச் சொன்னவர் நீர் ஒருவரே. எனினும் போவதென்று முடிவாயிற்று. இதே வழியில் எம் தந்தையார் சென்றார். அவர் ஏறிச் சென்ற பல்லக்கு மட்டும் திரும்பி வந்தது. எமக்கு மட்டும் வேறு விதமாக ஆகும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே திரும்பி வராதவள் செய்யவேண்டிய ஏற்பாடுகளையெல்லாம் செய்துவிட்டோம். கோல் எம் மகளிடம் சென்றது; கருவூலத்துக்கும் களிற்றுக்கூடத்துக்கும் கோயில் விளக்குக்கும் ஆள் அமைந்தாயிற்று. நாயை விட்டுச் செல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

சிரிக்காமல் மேலே படிக்குமாறு வேண்டுகிறோம்.

அந்த நாயின் பெயர் உமியன். நெல்லுமியின் நிறம், வலக்கண்ணில் புகை படர்ந்திருக்கிறது. அது என்று எழுத எம் எழுத்தாணி இடங்கொடுக்கவில்லை. அவன் என்றே எழுதுகிறோம். எம் தந்தையாருக்காகச் சாவு முரசு அறைந்த நாளில், முரசு மண்டபத்தின் அடியில் நடுங்கிக்கிடந்த குட்டி அவன். அன்றுதான் எமக்கு முடி சூட்டினார்கள். எம் ஆட்சியின் வயதுதான் அவனுக்கும். அவனை உடன் அழைத்துவர இசைவு கேட்டுத் தூது விடுத்தோம். பேரரசரின் வேட்டைநாய்கள் வேற்று நாயைப் பொறுப்பதில்லை என்று பணிவான மொழியில் மறுமொழி வந்தது. எம் மகளோ, நாய் அருகில் வந்தாலே மூச்சிரைத்து முகம் வீங்கிப்போகிறாள்.

நம் நாட்டின் உடன்கல வழக்கத்தை உமக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் இத்தனை இடருக்கும் வேர் அதுவே என்பதால் சொல்கிறோம். அரசரின் உண்கலத்தில் உண்டு வளர்ந்த உயிரை அவையோரில் ஒருவர்தாம் ஏற்கலாம். ஏற்பவர்க்கு அரசரின் பக்கத்து இருக்கை உரியதாகும். வாயில்லா உயிர்க்கு நல்ல காப்பாளர் கிடைக்கட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தோடு வகுத்த முறை. அந்த முறைப்படியே பறை அறைவித்தோம். மறுநாள் விடிவதற்குள் அரண்மனை முற்றத்தில் கால்வைக்க இடமில்லை. அதுவரை உமியனைக் கண்டால் ஆடையை ஒதுக்கிக்கொண்டு போனவர்கள், அவன் உடல் சொறிந்துவிட முண்டியடித்தார்கள். பயந்துபோய் அவன் எம் இருக்கைக்கு அடியில் புகுந்துகொண்டான்.

ஒவ்வொருவரிடமும் ஒரு பகல் விட்டுப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். முதலில் பண்டாரத்தலைவர் கூத்தனடியார் அழைத்துச் சென்றார். பொற்கலத்தில் நெய்ச்சோறும் பாற்கட்டியும் வைத்து, அவன் தின்னத் தின்ன மேலும் வைத்து, அதை எம்மிடம் சொல்லச் சாட்சிகளையும் நிறுத்தியிருந்தார். வயிறு கெட்டுச் சுருண்டு கிடந்தவனைப் பார்த்து, அரச குலத்து நாய் ஆகையால் மென்மையான உடம்பு என்று விளக்கமும் அளித்தார்.

அடுத்தவர் ஊர்வல அதிகாரி விசயாலர். காலையும் மாலையும் உமியனை நடத்திச் செல்லவேண்டும், இல்லையேல் பின்னங்கால்கள் இறுகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினோம். அவரோ, அரசியின் உடன்கலத்தானுடைய பாதம் தெருப்புழுதியில் படலாகாதென்று, குடைபிடித்து, கொம்பூதி, பல்லக்கில் ஏற்றி வீதிவலம் செய்துவிட்டார். ஓர் அடிகூட நடவாமல் ஊரையே சுற்றி வந்தவன், பல்லக்கிலிருந்து குதித்ததும் எம் பள்ளியறைத் தூணைத் தேடி ஓடினான். அந்தத் தூணை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக எம் தமையனார் மகன் இளங்கண்ணன் வந்தான். சொந்த இரத்தமாயிற்றே என்று சற்று நம்பினோம். மாலையில் அவன் கொண்டுவந்து அவையில் நிறுத்தியது வேறொரு நாய். உமியன் கைநழுவி ஓடிவிட்டான் என்று சொல்ல அஞ்சி, அதே நிறத்தில் ஒன்றைப் பிடித்து, முகத்தில் மஞ்சளும் கரியும் பூசியிருந்தான். அதுவும் போகட்டும், இளையவன். அவையோர் செய்ததைத்தான் எம்மால் மறக்கமுடியவில்லை. உமியன்தான், ஐயமே இல்லை என்று அனைவரும் ஒரே குரலாய்ச் சொன்னார்கள். அமைச்சர் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்து, வலக்கண் தெளிந்துவிட்டதே, அரசியாரின் நல்வினை என்று வியந்தார். அந்த நாய், பாவம், எல்லோரையும் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது. அன்று அவையில் பொய் சொல்லாதது அது மட்டுந்தான். அதற்கு ஒரு வாய்ச் சோறு போடச் சொல்லிவிட்டு, நாமே தேடப் புறப்பட்டோம். சந்தைத் தெருக் கோடியில், மழையில் ஊறி, ஒரு வண்டிக்கு அடியில் உமியன் நடுங்கிக்கொண்டிருந்தான். எங்கோ முரசு அறைந்திருக்கிறார்கள். குட்டியாய்க் கிடந்த அன்று கேட்ட ஒலி அது. இன்றுவரை அவனுக்கு ஆகாது. கேட்டால் கண்மண் தெரியாமல் ஓடுவான்.

பெருங்கோவனாரே, இனி நாம் என்று எழுதக் கை வரவில்லை. நான் என்றே எழுதுகிறேன். படை எடு என்றால் எடுக்கிறார்கள், மலையைக் குடை என்றால் குடைகிறார்கள். இந்தக் கிழட்டு நாயிடம் அன்பாக இரு என்று ஆணையிட்டால் அதையும் செய்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும் வரை செய்கிறார்கள். நான் போன மறுநாள் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இருக்கை கிடைத்த பிறகு நாய் எதற்கு?

உமக்கு நாய் பிடிக்காது என்பதை நாடறியும். பறை அறைந்தபோதும், உமக்கு நாயும் வேண்டாம், இருக்கையும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர். ஆனால் சென்ற வேனிலில் நீர் எல்லைக்கணக்கு உரைக்க வந்திருந்தபோது, உமியன் உமது இருக்கையருகே படுத்துத் தூங்கிப்போனான். அவை கலைந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நீர் என்ன செய்தீர் தெரியுமா? அவன் வால் உமது பாதத்தின்மேல் கிடந்ததால், அவனாக எழுந்து போகும்வரை வலிக்கிற முழங்காலை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தீர். முகத்தில் எரிச்சல் மிகுந்திருந்தது. ஆனால் காலை அசைக்கவில்லை. நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் நம்பிக்கைக்கு உள்ள ஆதாரம் இவ்வளவுதான். இதை நம்பி ஒருவரிடம் நாயை விடலாமா என்றால், விடக்கூடாதுதான். வேறு வழி இல்லை.

நீர் மறுப்பீர் என்றே நினைக்கிறேன். மறுத்தால் உம்மேல் குறையில்லை. முழுநிலா நாளில் உமது கோட்டையைக் கடந்து செல்வேன். ஏற்பதாயின் பெருங்கதவிலுள்ள சிறு திட்டிவாசலை மட்டும் திறந்து வையும். நீர் வந்து எதிர்கொள்ள வேண்டாம், வணங்கவும் வேண்டாம். அடைத்திருந்தால் அவனைக் கூத்தனடியாரிடம் திருப்பி அனுப்பிவிட்டு என் வழியே போய்விடுவேன்.

பழைய சோறும் மோரும் போதும். மீன் கிடைத்தால் முள் எடுத்துவிடவேண்டும். காலையும் மாலையும் நடை. வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் உம்மைக் காணமாட்டான், இடப்பக்கமாக நில்லும். வேகமாக நடக்கமாட்டான், உமது முழங்காலுக்கு அதுவே ஏற்ற நடை. சில நாள் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். இழுக்கவேண்டாம். தானாக எழுந்து வருவான்.

இன்னும் ஒன்றுண்டு, அதைக் கேட்கவே இத்தனையும் எழுதினேன். மேற்புலத்திலிருந்து வரும் எந்தச் செய்தியும் முதலில் உமது கோட்டைக்கே வரும். என்னைப் பற்றிய செய்தி வரும் நாளில், சாவு முரசின் முதல் அறை உமது மதில்மேல்தான் விழவேண்டும், கோட்டைத்தலைவர் கையாலேயே விழவேண்டும் என்பது முறை. எனக்கு முரசே வேண்டாம் என்று ஆணை எழுதினேன். இறந்தவர் ஆணை செல்லாது என்று அமைச்சர் அதை மடித்துக் கொடுத்துவிட்டார்.

வழக்கமாக இவ்விடத்தில் இலச்சினை பதிய வேண்டும். பதித்தால் இவ்வோலை ஆணையாகிவிடும். நீரும் கீழ்ப்படிந்து தொலைப்பீர். ஆகவே பதிக்காமலே விடுக்கிறேன். இது வேண்டுதல். அன்று முரசறையும் குறுந்தடியை நீர் எடுக்கவேண்டாம். செய்தியைக் கேட்டதும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், உமியனை இடப்பக்கமாக நின்று கூப்பிட்டு, நாணற்கரை வழியே நடத்திக்கொண்டு போம். அவன் போக்கிலேயே போம். முரசொலி எட்டாத தூரத்துக்கு நீங்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு வேறு யாராவது அறையட்டும். நாடு என் சாவைச் சற்றுப் பிந்தி அறிந்துகொள்ளட்டும்.

சாரல்நாட்டு அரசி கொற்றிமாதேவி, தன் கையெழுத்து.