டைமருக்குள் ஒரு சபாஷ்

என்னங்க,

இன்று காலையில் அந்தக் கையடக்க மடக்கு வீடியோ கேம் பெட்டியைத் திறந்தேன். திறந்ததுமே தைல வாசனை. தலைவலிக்குத் தடவிய விரலாலேயே பொத்தான்களை அமுக்கி அமுக்கி, மடிப்பு இடுக்கு வரைக்கும் அதை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். போன மாதம் வந்திருந்தபோது பஞ்சால் துடைத்துத் தருகிறேன் என்று நம் பெண் கையை நீட்டினாள். தொட்டால் தெரியும் சேதி என்றேன். இந்த வீட்டில் உங்கள் வாசனை மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம், உங்கள் சட்டைகள் உட்பட, பத்தாம் நாளே துவைத்து மடித்து வைத்துவிட்டேன். என் அவசரம் உங்களுக்குத் தெரியாதா?

அவசரம் என் கூடவே பிறந்தது. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள். ஆபீசில் என் விரல் ஓடுவதை வேடிக்கை பார்க்கவே பக்கத்து செக்‌ஷனிலிருந்து வருவார்கள். நீங்களோ பொன்மலை ரயில்வேயில் கணக்குப் பார்த்த மனுஷர். சத்திரம் பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருக்கும்போதும் "இருக்கு, இருக்கு, என்ன அவசரம்" என்று செருப்பைத் தேடுவீர்கள். உங்களை இழுத்துக்கொண்டு ஓடியே என் பாதி ஆயுசு போனது.

ரிடையர் ஆன பிறகு என் விரல்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. படிப்பு முடிந்து துவாக்குடி ஹாஸ்டலிலிருந்து நம் பெண் எப்போதோ கொண்டுவந்து போட்ட மூட்டையில் கியூப் ஒன்று கிடந்தது. ஆறு பக்கமும் நிறம் சேர்க்கிற விளையாட்டு. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கற்றதும் வேகம் வேண்டுமே! வாட்சைப் பார்த்து நேரம் சொல்ல உங்களை உட்கார வைத்தேன். நான் முடித்துக் கீழே வைத்தால் நீங்கள் பேப்பரில் எங்கோ மூழ்கியிருப்பீர்கள். "முடிஞ்சுதா? சொல்லக்கூடாதா?" என்பீர்கள். இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது!

நான் போட்ட சத்தத்தில்தான் உங்களுக்கு ரோஷம் வந்தது என்று நினைக்கிறேன். அதே மூட்டையிலிருந்து இந்த வீடியோ கேமை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் நானே ஒரு டைமர் செய்கிறேன் என்றீர்கள். புரோகிராம் என்றால் டிவி புரோகிராம் மட்டும் தெரிந்தவர்! நம் பெண் போனில் சிரித்தாள். "இதுக்கு ஆயிரம் ஆப் இருக்குப்பா, போன்ல போட்டுக்கலாம்" என்றாள். நீங்கள் சிரிக்கவில்லை. "யாரோ யாருக்கோ செஞ்சது எதுக்கு? உங்கம்மாவுக்கு நான் செஞ்சு தரேன்" என்றீர்கள். அடுப்படியில் நின்று அதைக் கேட்டேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் எத்தனை மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தீர்கள்! சந்தேகம் வந்தால் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பீர்கள், அதுவும் மேலதிகாரிக்கு மனு எழுதுகிற மாதிரி. பதில் சொன்ன ஒருவரை வாய்க்கு வாய் ஐயா ஐயா என்று எழுதிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் அது ஏதோ ஊரில் ஸ்கூல் படிக்கிற பிள்ளை என்று தெரிந்தது. அதற்கும் அசரவில்லை. "படிப்பு விஷயத்துல ஐயா ஐயாதான்" என்று சொல்லிவிட்டீர்கள்.

முதலில் செய்த டைமரில் நான் பறந்தேன். தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் சுவர்க்கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்து என் எதிரே தயங்கி நின்றீர்கள். "நீ அவ்வளவு வேகமில்லம்மா. இது மெதுவா ஓடுது" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று உங்களுக்கு வெறும் ரசம் சோறுதான்.

அதைச் சரி செய்து, மேல் ஓரத்து இரண்டு தோள் பொத்தானையும் அமுக்கி விட்டால் ஓடும், எந்தப் பொத்தானைத் தொட்டாலும் நிற்கும் என்று ஆக்கினீர்கள். பழைய நேரத்தை முந்தினால் அது ஏதாவது சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. உங்கள் குரலையே பதிவு செய்தீர்கள். நான் முதல்முறை முந்தியபோது அதிலிருந்து வந்தது: "ஓடுதா இது?... ம்... சபாஷ்மா, சபாஷ்." பின்னால் நம் குக்கர் விசில் வேறு. முன்னால் இருப்பதை வெட்டத் தெரியவில்லை என்று அசடு வழிந்தீர்கள். எனக்கு அந்த "ஓடுதா இது"தான் ரொம்பப் பிடித்தது.

கல்யாணமான நாளாக என் சமையலையோ சேலையையோ நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை நீங்கள். சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! அந்தச் சபாஷுக்காகவே பயிற்சி செய்தேன். ஒரு நிமிஷத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. நான் டைமரை ஓடவிட்டுக் கியூப்பைக் கையில் எடுக்கிறேன், நீங்கள் தூசி தட்டுகிறேன் என்று துண்டோடு வந்து பொத்தானைத் தொட்டுவிட்டீர்கள். இரண்டு வினாடியில் நின்றது. "சபாஷ்மா" என்றது. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தோம். உலகத்தில் எவனாலும் நெருங்க முடியாத சாதனை எனக்கு! அதை அழிக்க டைமரில் வழி இல்லை, நீங்கள் வைக்கவில்லை. "தீபாவளிக்குள்ள ஒரு பொத்தான் வச்சுத் தரேன், இரு" என்றீர்கள்.

தீபாவளிக்கு நீங்கள் இல்லை. புரட்டாசியில் நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள், ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் நீங்கள் என்னை முந்திக்கொண்டு அவசரப்பட்டீர்கள்.

உங்கள் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. வீடு முழுக்கத் தேடினேன். போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. நம் பெண்ணின் கல்யாண வீடியோவில் வாயசைக்கிறீர்கள், கேட்பது நாதஸ்வரம். போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியவரில்லை. குரல் இருப்பது இந்த டைமருக்குள் மட்டும். அது வெளியே வர நான் இரண்டு வினாடிக்குள் கியூப்பை முடிக்க வேண்டும். முடியாது என்று தெரிந்தும் ஒரு வருஷம் முயன்றேன். விரல் வீங்கியது. ஒவ்வொரு தரமும் முடித்துவிட்டு அந்த ஊமைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் உங்கள் முதல் வருஷத் திதிக்கு நம் பெண் வந்தாள். அம்மா மண்டபம் படித்துறையில் எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளே இருந்த மெமரி கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு அந்த இரண்டு வினாடியை அழித்தாள். "இனிமே முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனாலும் அதுதான் ரெக்கார்டு. அப்பா பேசுவாரு. பேசாம குரலை மட்டும் எடுத்து உன் போன்ல போட்டுடவா? எப்ப வேணா கேட்கலாம்."

"நீ ஒண்ணு எடுத்து உங்கிட்ட வச்சுக்க. என் போன்ல போடாதே" என்றேன். கேட்டபோதெல்லாம் பாராட்டினால் அது நீங்களாக இருக்காதே!

மறுநாள் காலையில் கியூப்பைக் கலைத்து, தோள் பொத்தான்களில் விரலை வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கம்போல் ஒரு நிமிஷத்தில் முடித்தால் இன்று பேசுவீர்கள். நாளைக்கு அதைவிடச் சீக்கிரம் முடிக்க வேண்டும். இந்த விரல்களுக்கு இன்னும் இரண்டு மூன்று சபாஷ் கிடைக்கலாம். அப்புறம் திரும்பவும் மௌனம்தான்.

பொத்தானை விட்டேன். டைமர் ஓட ஆரம்பித்தது. கியூப்பை மேசை மேலேயே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பினேன்.

"அம்மா! டைமர் ஓடிட்டிருக்கு!"

"ஓடட்டும்டி. என்ன அவசரம்?"

வடக்கு வாசல் மார்க்கெட் வரைக்கும் நடந்தேன். ஒவ்வொரு கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கினேன். வந்து சமைத்து, சாப்பிட்டு, கொஞ்சம் படுத்தேன். என் வாழ்நாளில் எதையும் இவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை. மாலை வெயில் ஜன்னலைத் தாண்டிய பிறகு கியூப்பை எடுத்து, பக்கம் பக்கமாக நிறம் சேர்த்து, பொத்தானைத் தொட்டேன்.

"ஓடுதா இது?... ம்... சபாஷ்மா, சபாஷ்."

நம் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. "ஓடுதுங்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரே ஒரு தடவைதான். முந்தின நாளைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து முடிக்கிறேன். இன்று காலை ஆரம்பித்தது இதோ என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்போதுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு நிமிஷத்துக்கு வந்து சேர்வதற்குள் என் காலமே முடிந்துவிடும்.

அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு நீங்கள் இருப்பீர்கள். நான் அவசரப்படப் போவதில்லை.