உதறாத போர்வை

என்னங்க,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. பக்கத்து மனையில் விடிந்ததுமே கல் அறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சோற்றில் தூசி, குழந்தையின் இமையில் தூசி. காறித் துப்பினால் அதுவும் சிமெண்ட் நிறத்தில் வருகிறது. சீ!

உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடியாவது போட்டுத் தரச் சொல்லி ஓனரிடம் போனேன்.

"வாடகை வாங்குறீங்க, மனுஷங்க இருக்கிற மாதிரி வீடு தரணும்ல?"

அவர் இளித்தார். "உன் புருஷன் போன்லயே சொல்லிட்டாரும்மா, அவ அட்ஜஸ்ட் பண்ணிக்குவான்னு."

அங்கிருந்து நேராக மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் ஓனர் மீது புகார் கொடுத்துவிட்டேன்.

நாங்கள் போர்த்திப் படுத்த போர்வையை உதறாமல் மடித்து இத்துடன் அனுப்புகிறேன். வேலைக்குப் போன ஊரில், உங்கள் ஏ.சி. அறையில், ஓர் இரவு அதை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். காலையில் குரல் வந்தால், ஓனருக்குப் போன் போட்டு அதையே மறுபடியும் சொல்லுங்கள்.

தும்மிக்கொண்டே,
உங்கள் மனைவி