ஒரு ராத்திரி கிடக்கட்டும்

அத்தை,

உங்கள் லேப்டாப் பையைத் திறந்ததும் கிராம்பு வாசம் வந்தது. ஓரத்து உறையில் இரண்டு கிடந்தன. கடிதம் சொல்லும்போது ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வீர்கள். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அப்பா எழுந்து வந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். நாளை மாலை அவர் இந்த லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகிறார். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு எனக்குப் படிக்கத் தருவாராம்.

ஓய்வு பெற்று, பார்வை மங்கி, அரியலூருக்கு எங்களோடு இருக்க வந்த பிறகும் உங்களுக்குக் கடிதங்கள் வருவது நிற்கவில்லை. களைத்த தசை இறுக்கம் விட்டுத் தளர ஏன் அதிக நேரம் எடுக்கிறது என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி. அதைப் பற்றி யார் யாரோ கேட்டு எழுதுவார்கள். நான் வாசிப்பேன், நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டுவேன். கண் பரிசோதனைக்குப் பெரம்பலூர் போகும் பஸ்ஸில்கூட விடமாட்டீர்கள். சம்பளம் இல்லாத செகரட்டரி என்று அம்மா கேலி செய்தால், "ஏன், முறுக்கு வாங்கிக் குடுக்கறனே" என்பீர்கள்.

எழுதிய பதிலை அன்றைக்கே அனுப்ப விடமாட்டீர்கள். "ஒரு ராத்திரி கிடக்கட்டும் பாப்பா. காலையில பாத்தா வேற யாரோ எழுதுன மாதிரி இருக்கும்." காலையில் நான் உரக்க வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் அனுப்பலாம்.

கடைசியாக எழுதியவர் புனேயில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண். உங்கள் பழைய கட்டுரையை நம்பித் தன் சோதனையைத் தொடங்கப்போவதாகச் சொல்லி, தவளைத் தசையை வைத்திருந்த தொட்டியில் தண்ணீரின் சூடு கடைசிவரை ஒரே மாதிரி இருந்ததா என்று கேட்டிருந்தார். பழைய குறிப்புகளை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னீர்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்திருந்தது. குளிர்ந்தாலும் தசை மெதுவாகத்தான் தளருமாம். அவ்வளவையும் களைப்பின் கணக்கில் எழுதியது தவறு. நீங்கள் சிரித்தீர்கள்.

"கெட்டிக்காரி. நான் பாக்காததைப் பாத்துட்டா. தப்புன்னே எழுதிக்க."

எழுதினேன். அதையும் ஒரு ராத்திரி கிடக்க வைத்தோம். காலையில் நீங்கள் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும், அனுப்பாமல் கிடக்கும் அந்தப் பதிலைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். அவர் அதட்டவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"எங்கக்கா சேத்து வச்சது அந்தப் பேரு ஒண்ணுதான். போனதுக்கப்புறம் தப்புன்னு நாமளே எழுதி அனுப்பணுமா? விட்டுடு" என்றார்.

இன்று புனேயிலிருந்து மறுபடி ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதில் வராததால் கட்டுரையில் உள்ளதே சரி என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் தொடங்குகிறாராம்.

நீங்கள் சொன்ன பதிலின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இதைச் சொன்னவர் இப்போது இல்லை, தட்டியவள் அவருடைய தம்பி மகள் என்று. இப்போதே அனுப்பிவிட்டால் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த ஒரு வரி இன்றைக்கு எழுதியது. அதுவும் ஒரு ராத்திரி கிடக்க வேண்டும்.

ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டேன். காரமாக இருக்கிறது. காலையில் அப்பா கூடத்தில் சவரம் செய்துகொண்டிருப்பார். நான் உரக்க வாசித்தால் அவருக்குக் கேட்கும்.

வாசித்துவிட்டுத்தான் அனுப்புவேன், அத்தை.